இடது! இடது!

என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை என்பதை எனக்குச் சொன்னது ஒரு பிளாஸ்டிக் தட்டு. கூடவே வாழ்கிறேன், கூடவே சாப்பிடுகிறேன், ஒரே போர்வைக்குச் சண்டை போடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. என் கண்ணை எங்கே வைத்திருந்தேனோ, போங்கள்.

அவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வருகிற படுக்கை விரிப்பை இரண்டு பேர் நான்கு முனையில் பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே எனக்கு மறந்துவிட்டது என்று இவர் கிண்டல் செய்வார். மைதானத்தில் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர்.

மைதானத்துக்கு எங்களை இழுத்து வந்தது கேப்டன். மருந்துக்கடை வைத்திருக்கிற பெண். அவளுடைய மகள் இவருடைய வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இவருடைய தொப்பையை ஒருநாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஞாயித்துக்கெழம காலைல ஃப்ரிஸ்பி ஆட வாங்க. இல்லேன்னா அடுத்த மாசம் மாத்திரைய ரெட்டிப்பாக்கிடுவாங்க" என்றாள். தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவாத மனுஷன் அங்கே வீசுகிற பிளாஸ்டிக் தட்டுக்குப் பின்னால் நாக்குத் தள்ள ஓடினார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

எங்கள் கட்டடத்தில் எதிர் வீட்டுக்காரர் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. லிஃப்டில் பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அங்கே வந்தவர்களோ முதல் நாளே எங்கள் வயிற்றைக் கிண்டல் செய்தார்கள், இரண்டாம் நாள் வீட்டு விலாசம் கேட்டார்கள், இவருக்குக் காய்ச்சல் வந்தபோது கூட ஆடுகிற பல்டாக்டர் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வாரம் முழுக்க வேன் நிறையப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைய ஆட்கள் என்று இவர் பத்து வயது குறைந்துபோனார்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே ஒரு விஷயம்தான். நடுவர் கிடையாது. விசில் கிடையாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, இன்னொருவருக்கு வீச வேண்டும், எதிர்க்கோட்டுக்கு அப்பால் பிடித்தால் ஒரு புள்ளி. யார் மீதாவது இடித்துவிட்டால், இடித்தவரே கையைத் தூக்கி "என்னுது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்பியாக வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டையே இல்லை, எல்லோரும் பழைய இடத்துக்குப் போய், தட்டைத் திரும்ப வீச வேண்டும். வேலையிடத்தில் செய்யாத தப்புக்கெல்லாம் திட்டு வாங்குகிற எனக்கு, இது ஏதோ வேறு உலகம் மாதிரி இருந்தது.

வலது பக்கம் வருகிற தட்டை இவர் அலமாரியிலிருந்து எடுப்பது போல எடுப்பார். இடது பக்கம் வந்தால் சும்மா நிற்பார். தோளை உரசிக்கொண்டு போகும், அப்புறம்தான் திரும்புவார். "என்னங்க, கனவு காண்றீங்களா? பகல்லயே தூக்கமா?" என்று நான்தான் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கேயோ இடித்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது அவருக்கு இடது பக்கம் நின்று கரண்டியை மெதுவாக அவர் காது வரைக்கும் கொண்டுபோனேன். அவர் டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கன்னத்துக்கு முன்னால் ஆட்டினேன். பிசைந்தார், சாப்பிட்டார்.

கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு இருட்டு அறையில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். டிக், டிக் என்று கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஷின் ரிப்பேர் ஆகிவிட்டதோ என்று நர்ஸைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண் நரம்பு வாடிவிட்டது, போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். வேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இனிமே வண்டியத் தொடக் கூடாது. புரியுதா?" இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டி, "சரிங்க டாக்டர்" என்றார். நான்கூட நம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் தேடுகிறார். சாவியை நான் அரிசி டப்பாவுக்குள் புதைத்திருந்தேன். நேராகப் போய் டப்பாவைத் திறந்து எடுத்தார். என் புத்தி அவருக்கு அத்துப்படி.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"புள்ளைங்க ரோட்ல நிக்கும். பரீட்சை முடியட்டும். லீவு விட்டதும் நானே போய்ச் சொல்லிடறேன்."

"அதுக்குள்ள எவன் மேலயாவது ஏத்திட்டா?"

"இத்தனை வருஷத்துல வேன்ல ஒரு கீறல் உண்டா?"

"அப்போ கண்ணு இருந்துச்சுங்க! நீங்க போங்க, நான் ஸ்கூலுக்கு ஃபோன் பண்றேன்!"

அவர் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம், நானும் கத்தியிருப்பேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"பண்ணு. பண்ற அன்னிக்கு ராத்திரி நான் இருக்கமாட்டேன்."

இவருடைய அண்ணன் அப்படித்தான் உயிரை விட்டார். ஒரு தடவை சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, செய்துவிட்டார். அந்தக் குடும்பத்து ஆட்கள் சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை. எடுத்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

சொன்னால் புருஷன் போவான், சொல்லாவிட்டால் பிள்ளைகள் போவார்கள். இதில் எதை எடுப்பது? யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லுங்கள். நான் எதையும் எடுக்காமல் மூன்றாவதாக ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். வேனில் அவருக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சலவைக் கூடத்தில் கெஞ்சி நடுப்பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற நேரத்துக்கு வயிற்றுவலி, தலைவலி என்று ஏதாவது ஒரு பொய். "உனக்கு உடம்புல எந்தப் பாகம்தான் நல்லா இருக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். காலையில் வேனில் ஏறியதிலிருந்து என் கண் கண்ணாடியைவிட்டு நகராது. "இடது, சைக்கிள்! இடது, நாய்! இடது, இடது, ஐயோ இடதுங்க!" பின்னால் இருந்த வாண்டுகளுக்கு இது புது விளையாட்டாகிவிட்டது. நான் கத்துவதற்கு முன்னால் அவையே "இடது! இடது!" என்று கோரஸ் போடும். எதுவுமே வராத ரோட்டில்கூடக் கத்தும். இவர் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேப்டனின் மகள் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் ஜடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சைக்கிள்காரனின் ஹேண்டில்பார் வேன் கதவில் உரசிவிட்டது. நான் கத்தத்தான் செய்தேன், ஒரு நொடி தாமதம். அந்தப் பையன் காலை ஊன்றி நின்றுவிட்டான், கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். இவர் வேனை ஓரங்கட்டி, இறங்கிப் போய்க் கதவில் விழுந்த கீறலை விரலால் தேய்த்தார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார். சனிக்கிழமை காலையில் எழுந்தபோது எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனோம். நான் போக வேண்டாம் என்றேன், அதாவது சைகை காட்டினேன். அவர் கேட்கவில்லை. போகாமல் இருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

கேப்டன் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "என்னக்கா, வேன்லயும் ஃப்ரிஸ்பி கோச்சிங்கா? எம்பொண்ணு தூக்கத்துலகூட 'இடது இடது'ன்னு கத்துறா!"

இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. இவர் இரண்டடி தள்ளி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், அன்றைக்குக் கட்டின மாதிரியே. நான் தொண்டையைத் தொட்டுக்காட்டினேன். "அடடா, லவுட்ஸ்பீக்கர் அவுட்டா? இன்னிக்குத்தான் நிம்மதியா ஆடலாம்" என்றார் பல்டாக்டர். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெள்ளைச் சட்டைகள் ஒரு பக்கம், கறுப்புச் சட்டைகள் ஒரு பக்கம். நாங்களும் பல்டாக்டரும் வெள்ளை, கேப்டன் கறுப்பு. ஆட்டம் நன்றாகத்தான் போனது. பல்டாக்டர் நீளமாக ஒரு தட்டு வீசினார். அது உயரமாகப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே ஓடினார். இடது பக்கத்திலிருந்து கேப்டனும் அதே தட்டுக்கு ஓடிவந்தாள். ஆள் வருவதைப் பார்த்து இவர் வேகத்தைக் குறைப்பார், இங்கே எல்லோரும் அப்படித்தான் என்று நம்பி வந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்தது. "இடது!" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது.

மோதின சத்தம் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்ற எனக்கே கேட்டது. இவர் முழு எடையோடு அவள் மேல் விழுந்தார். அவள் கையை ஊன்றிய விதத்தைப் பார்த்தே பல்டாக்டர் "ஐயையோ" என்றார். உதடு கிழிந்து ரத்தம். மணிக்கட்டு எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது. கேப்டன் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என்னைப் பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். யார் வேண்டுமானாலும் பார்க்காமல் இடிப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இவருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அந்த வார்த்தைக்குப் பயந்துதானே இத்தனை நாள் ஓட்டினார். கையைத் தூக்கினார்.

"பாத்தேம்மா. தப்பு என்னுது. தட்டு கெடச்சிடும்னு பாஞ்சிட்டேன்."

பார்த்துக்கொண்டே ஒரு பெண் மேல் போய் விழுந்தேன் என்று ஒருத்தர் சொன்னால், இந்த மைதானத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. ஆனாலும் கேப்டன் நம்பினாள். நம்பித்தான் ஆக வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். "பரவால்லண்ணே. ஒத்துக்கிட்டீங்க இல்ல" என்றாள். பிறகு எழுந்து நின்று, சாதாரணமாகக் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தக் கையோட பாப்பாவ ரோடு தாண்டிக் கொண்டாந்து விட முடியாது. நீங்களே எங்க வீட்டு வாசல் வரைக்கும் வேன எடுத்துட்டு வந்துருங்க. சந்து கொஞ்சம் குறுகல், நீங்க சமாளிச்சிருவீங்க."

"வந்துடறேம்மா" என்றார் இவர்.

அந்தச் சந்து எனக்குத் தெரியும். இடது பக்கம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடும். நான் கையைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறவர்கள், அன்றைக்கு நான் சொல்வதைக் கேட்க ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள்.

"அவரு பாக்கல" என்று வெறும் காற்றாகச் சொன்னேன்.

"பாத்தேன்" என்றார் இவர். என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏய், உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"பாக்கல. அவரால பாக்க முடியாது."

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டோம். பல்டாக்டர் சமாதானமாக, "சரி விடுங்க, தட்டத் திரும்பப் போட்டுடலாம்" என்று வாய் தவறிச் சொன்னார். பழக்கதோஷம். கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது எனக்குத் தெரிந்தது: வேன், நான், என் தொண்டை, மகள் தூக்கத்தில் கத்தியது.

"ஆமா, திரும்பப் போடலாம்" என்றாள். "எல்லாரும் பழைய எடத்துக்குப் போங்க."

"கைய வச்சுக்கிட்டு என்னம்மா…" என்றார் இவர்.

"போங்கண்ணே. டாக்டர், தட்ட வீச வேண்டாம். கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. அண்ணே, நீங்க தட்ட மட்டும் பாருங்க."

எல்லோரும் போய் நின்றார்கள். இவரும் நின்றார், முழங்காலை மடக்கி, ஓடத் தயாராக, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. கேப்டன் இடது பக்கக் கோட்டிலிருந்து நடந்து வந்தாள். புல்லில் சத்தம் இல்லை. வந்தாள், வந்தாள், இவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நல்லாயிருந்த கையைத் தூக்கி, இவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். பிறகு பல்டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பல்டாக்டர்தான் கேட்டார். "கேப்டன் எங்க நிக்கிறாங்க?"

"அங்கதான்" என்று இவர் சிரித்தார். "கோட்டுக்கிட்ட. தண்ணி பாட்டில் பக்கத்துல."

கேப்டனுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையை எடுக்கவில்லை.

"ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அண்ணே" என்றாள் அவள்.

அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். காதுக்குப் பக்கத்தில் அவள் கை, கிழிந்த உதடு. என் தெய்வமே, அந்த மனுஷன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் மெதுவாக, ஆட்டத்தில் தூக்குவது போலவே, கையைத் தூக்கினார்.

"என்னுது" என்றார்.

கால்சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதை வீட்டில் விடமாட்டார், அரிசி டப்பாவுக்குப் பயந்து. கேப்டனின் கையில் வைத்தார். அவள் அதை மூடிக்கொண்டு, "நான் ஸ்கூல்ல பேசிக்கிறேண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வரலேன்னா நாங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவோம்" என்றாள். அவரிடம் அப்படிப் பேசியவள், என் பக்கம் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்க்கா?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா எம்பொண்ணு அதுல போனா."

"நான் கூடவே இருந்தேம்மா. பக்கத்துலயே…"

"நீங்க என்ன பிரேக்கா?"

அவள் பல்டாக்டரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் இவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். என்னை யாரும் தொடவில்லை. தொட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு அன்றைய ராத்திரியைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. வீட்டில் என்னென்ன இருக்கிறது, கயிறு எங்கே, அந்தச் சர்க்கரை மாத்திரை அட்டைகள் எங்கே, பால்கனிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று என் மனசு வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். அவருடைய இடது கையை நான் பிடித்திருந்தேன். அவர் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. "நீ சொல்லிட்ட இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஐயோ, திட்டுங்களேன், அடியுங்களேன், ஏதாவது செய்யுங்களேன் என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே நடந்தேன்.

பெரிய ரோட்டுக்கு வந்தோம். லாரிகள் சீறிக்கொண்டு போயின. அவர் ஓரத்தில் நின்றார். பாய்ந்துவிடுவாரோ என்று அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் நேராகப் பார்த்தபடி நின்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"இடது பக்கம் ஏதாவது வருதா?"

இத்தனை நாளில் அவர் கேட்டதே இல்லை. நானாகத்தான் கத்தினேன். அதைக் கேட்கிற மனுஷன் இன்றைக்கு ராத்திரி என்னை விட்டுப் போகமாட்டார் என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையை அழுத்தினேன். அவர் புரிந்துகொண்டு நின்றார். லாரி போனது, அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது, அதுவும் போனது. நான் அழுத்தின கையைத் தளர்த்திய பிறகுதான் அவர் காலை எடுத்து வைத்தார்.